வார்னிஷ் காயும் வரை

என் நாத்தனார் ஓய்வு பெறும் வரை பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டராகத்தான் இருந்தாள், பேருந்துதான் இல்லை. வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்து வந்துவிட்டால் போதும், "வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று எல்லாரையும் சமையலறை வரைக்கும் நெட்டித் தள்ளிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். என் கணவர் தன் தங்கையை 'விசில்' என்றுதான் கூப்பிடுவார். அவர் போனார், சில வருடம் கழித்து அவளும் போனாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இப்போது ஆள் இல்லை. ஆனால் சிரிப்பதற்கு ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்த சமயம். என் மகள் தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். திரைச்சீலைகூடத் தைத்து மாட்டியாயிற்று. அவள் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். திருகாணியின் மரை மயிரிழை பிசகினாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிற வேலை. அம்மாவைத் தனியாக விட்டுவைக்கலாமா என்பதற்கும் அவளிடம் ஓர் அளவுகோல் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரேம்மா. வீட்டைச் சுத்திப் பார்ப்பேன். எல்லாம் ஒழுங்கா இருந்தா நீ இங்கயே இருந்துக்கோ, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏதாவது ஒண்ணு, ஒரே ஒண்ணு ஏறுமாறா இருந்தாலும் என்கூடக் கிளம்பி வந்துடணும். சரியா?"

சரி என்றேன். எனக்குப் போக மனமில்லை. மகள் மேல் குறையில்லை. மருமகனும் தங்கமான பிள்ளை. ஆனால் இந்த வீட்டில் இருட்டில் எழுந்தாலும் எந்தச் சுவரில் எந்த ஸ்விட்ச் என்று என் கைக்குத் தெரியும். அங்கே போனால் தண்ணீர் குடிப்பதற்குக்கூட எந்த டம்ளரை எடுப்பது என்று யோசித்து நிற்பேன். ஆகவே கேஸ் குழாயை மாற்றினேன். சொட்டிய குழாய்க்கு வாஷர் போட்டேன். மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைத்தேன். வீடு பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி தலை வாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் நான் கட்டிலை இழுத்தேன்.

எங்கள் படுக்கையறைக்கு மரத்தரை. நல்ல வைரம் பாய்ந்த மரம், கரும்பழுப்பு நிறம். என் கணவர் அதைத் துடைக்கும் துணியைப் பிழிகிற பிழியில் துணி கிழிந்துவிடும். "தரைக்குத் தாகம் எடுக்காது, தண்ணி காட்டாதே" என்பார். அப்படிப் பார்த்துக்கொண்ட தரை. கட்டிலோ கனத்த பழைய மரக்கட்டில். சுவரோரமிருந்து அதை ஜன்னல் பக்கமாக இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. என் முழங்கால்தான் என்று நினைத்து மேலும் இழுத்தேன். நின்று திரும்பிப் பார்த்தால், சுவரிலிருந்து கட்டில் கால் வரைக்கும் ஒரு நீண்ட பள்ளம், அதன் இரண்டு பக்கமும் சிராய்ப்புகள். காலின் அடியில் இருந்த ரப்பர் எப்போதோ கழன்றுபோய், உள்ளே இருந்த ஆணி வெளியே தலை நீட்டியிருந்தது.

விசிலைக் கூப்பிட்டேன். அடுத்த தெருவில்தான் இருந்தாள். வந்தாள், பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன அண்ணி, ஏர் உழுதிருக்கீங்க? என்ன விதைக்கப் போறீங்க?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை உன் மருமக வரா."

"ஐயையோ, ஆமா. கட்டிலை எதுக்கு இழுத்தீங்க?"

"இழுக்கணும்னு தோணுச்சு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை. "பாயைப் போட்டு மூடிடலாம்" என்றாள்.

"அவ பாயைத் தூக்கிப் பார்ப்பா."

"பார்ப்பா. அவங்கப்பன் புத்தி." பெருமூச்சு விட்டாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாது. வாங்க, வைத்தியம் பண்ணுவோம்."

ஹார்டுவேர் கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "கீறல்ல நகத்தை வச்சு இழுத்தா நகம் மாட்டுதா?"

"நகமா? விரலே மாட்டுது" என்றாள் விசில்.

மாட்டாவிட்டால் மேலோட்டமான கீறல், தேய்த்து மெருகு போட்டால் போய்விடும். மாட்டினால் பட்டி வைத்துப் பள்ளத்தை அடைக்க வேண்டும் என்று சொல்லி, உப்புத்தாள், மரத்துக்கு வைக்கிற பட்டி, சாயம், வார்னிஷ் எல்லாம் எடுத்து வைத்தார். "மரத்துல ரேகை ஓடுதில்ல, அது ஓடற பக்கமே தேய்க்கணும். குறுக்க தேய்ச்சுட்டு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

முழங்காலுக்குக் கீழே ஆளுக்கொரு தலையணை போட்டுக்கொண்டு இறங்கினோம். இறங்குவது சுலபமாக இருந்தது. விளிம்பைத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பட்டியை விரலால் அழுத்திப் பள்ளத்தில் நிரப்பினோம். அது காய்ந்ததும் தரைக்குச் சமமாகத் தேய்த்தோம். தடவிப் பார்த்தால் பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. கண்ணால் பார்த்தால்தான் வம்பு. கரும்பழுப்புத் தரையில் வெளிர் மஞ்சளாக ஒரு கோடு, முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி.

சாயத்தை முதலில் ஓர் ஒதுக்குப்புறத்தில் தடவிப் பார்க்கலாம் என்றேன். "ஒதுக்குப்புறத்துல நல்லா இருந்து யாருக்கு லாபம்? பள்ளத்துலயே தடவுவோம்" என்றாள் விசில். தடவினோம், கறுத்துவிட்டது. துடைத்தோம், சிவந்துவிட்டது. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்தவள். ஒரு பிழையைத் திருத்தப் போய் அதே வரியில் இன்னொரு பிழை முளைப்பது எனக்குப் பழக்கம்தான். கடைசியில் அரையும் குறையுமாகத் துடைத்துத் துடைத்துத் தடவியதில் நிறம் ஏறக்குறைய வந்து உட்கார்ந்தது. அதன்மேல் வார்னிஷ் பூசினோம். எழுந்து நின்று, இல்லை, ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம்.

பழைய தரை மங்கலாகக் கிடக்க, நடுவில் அந்தக் கோடு மட்டும் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பளபளவென்று மின்னியது.

"முன்னாடியாவது தேடிப் பார்த்தாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"இப்போ கண்ணு தெரியாதவனும் பார்ப்பான்" என்றாள் விசில்.

ஒரு கோட்டை மறைக்க வேண்டுமானால் அறை முழுவதும் பூசியாக வேண்டும். சனிக்கிழமை பூராவும் தரையை மேலாகத் தேய்த்தோம், துடைத்தோம். அலமாரியை வெளியே தள்ளினோம். கட்டில் மட்டும் மறுத்துவிட்டது. மறுபடி இழுத்தால் இன்னொரு பள்ளம் விழும்; இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. "கட்டிலைச் சுத்திப் பூசுவோம். அடியில இருக்கறதை ஆண்டவன் பார்த்துக்குவான்" என்று முடிவு செய்தாள் விசில். மகள் சாயந்திரம்தானே வருகிறாள்; காலையில் பூசினால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. விசிலிடம் அகலத் தூரிகை, என்னிடம் சின்னது. அவள் முன்னால் விறுவிறுவென்று பூசுவாள், நான் ஓரங்களையும் பலகை இடுக்குகளையும் பார்த்துக்கொண்டே வருவேன். வாசற்படியில் ஆரம்பித்தோம்.

"அங்கயே நிக்காதீங்க அண்ணி, உள்ள போங்க."

உள்ளே போனேன்.

"இன்னும் கொஞ்சம் உள்ள. அங்க எவ்வளவு இடம் காலியா கிடக்குது பாருங்க."

இன்னும் உள்ளே போனேன். அவள் தன் வாழ்நாள் முழுவதும் லட்சக்கணக்கான ஜனங்களை அப்படித்தான் வாசலிலிருந்து உள்ளே அனுப்பியிருக்கிறாள். ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. நான் மட்டும் எப்படிக் கேட்பேன்? தூரிகை மர ரேகையோடு போகிறதா என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. வார்னிஷ் அழகாகப் படிந்தது. நத்தைத் தடம் மற்றப் பளபளப்போடு கலந்து மறைந்தேபோயிற்று. ஜன்னல் ஓரம் வந்து, கடைசிப் பலகையையும் பூசி, இடுப்பு வலிக்கிறதென்று கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் கைவண்ணத்தைப் பார்த்தோம். அறை முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு அப்பால், எட்டாத தூரத்தில், கதவு.

"அண்ணி."

"ம்."

"நாம எப்படி வெளிய போறது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியாது. சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது. என் கணவர் இறந்தபின் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பாதியில் அது நினைவுக்கு வந்து நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

டப்பாவை எடுத்து அப்போதுதான் அதில் போட்டிருந்ததைப் படித்தேன். கால் வைக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் வரியில், தடித்த எழுத்தில்: கதவுக்கு எதிர்ப்புறமிருந்து தொடங்கிக் கதவை நோக்கி வரவும். ஊரார் எழுதியதை எல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

"சத்தமாப் படிக்காதீங்க" என்றாள் விசில். "கேக்க நல்லா இல்ல."

சரி, உட்கார்ந்திருப்போம், காயட்டும், சாயந்திரம் வரை நேரம் இருக்கிறது என்று காலை நீட்டினோம். அப்போதுதான் கூடத்தில் என் போன் அடித்தது.

அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அது மகள்தான். இந்த வீட்டுக்கு விடாமல் அடிக்கிறவள் அவள் ஒருத்திதான். விசில் தன் போனைத் தன் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நான் ஒரே ஓட்டமா ஓடிடறேன்" என்று புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"அசைஞ்சே, கொன்னுடுவேன்."

"போனை எடுக்கலேன்னா பயந்துடுவா அண்ணி!"

"போனுக்குக் குளிச்சுட்டு இருந்தேன்னு ஏதாவது சொல்லிக்கலாம். கால்தடத்துக்கு என்னத்தைச் சொல்றது?"

"விரல் நுனியால ஓடறேன்."

"நீ விரல் நுனியால ஓடினா கீழ்வீட்டு விட்டம் இடிஞ்சு விழும். உக்காரு."

மூன்றாவது முறை அடித்தது. அப்புறம் அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. விசிலுக்கும் பிடிக்கவில்லை; செருகிய புடவையை அவிழ்த்து மறுபடி செருகினாள்.

வார்னிஷ் பாதிகூடக் காய்ந்திருக்காது. வெளிக்கதவில் சாவி திரும்புகிற சத்தம். அதற்குப் பிறகு ஓடிவருகிற காலடிகள்.

"அம்மா! அம்மா!"

"உள்ள வராதே!" என்று நானும் விசிலும் ஒரே குரலில் கத்தினோம். விசில் கையை வேறு நீட்டிவிட்டாள். "இடமில்ல! வண்டி நிரம்பிடுச்சு!"

என் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் அந்தரத்தில் இருந்தது. தலையெல்லாம் கலைந்து, ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறொரு ஜோடியின் செருப்புமாக வந்திருந்தாள். கட்டிலின் மேல் சம்மணமிட்டு, கன்னத்தில் வார்னிஷும் கையில் தூரிகையுமாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அந்தரத்தில் இருந்த காலை மெல்லப் பின்னால் எடுத்து வைத்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

"பூசறோம்" என்றாள் விசில்.

"உங்களை யாரு அத்தை பூசச் சொன்னா? எதுக்கும்மா போனை எடுக்கலே? நீ விழுந்து கிடக்கியோ என்னவோன்னு..." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

எழுந்து போய் அவள் தலையைத் தடவ வேண்டும்போல் இருந்தது. எப்படிப் போவது?

"நாங்க நல்லாத்தாண்டி இருக்கோம்" என்றேன்.

"நல்லா இருக்கற லட்சணமா இது? போதும்மா. தரை காஞ்சதும் துணிமணியை எடுத்து வை. இன்னிக்கே கிளம்பறோம்."

"சாயந்திரம் வந்து பார்த்துட்டு முடிவு பண்றதுன்னு தானே பேச்சு?"

"இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அப்போதே டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போயிருப்பேன். அவளும் ஆபீஸ் போன் என்று பால்கனிக்குப் போயிருப்பாள். அவர் இறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம், எழுந்து போவதற்கு வசதியாக. அன்று எழுந்து போக என்னால் முடியாது. அவளாலும் பக்கத்தில் வர முடியாது. நடுவில் ஈரமாகத் தரை கிடந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக விசில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மகள் தலையைச் சாய்த்து, கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். தொழில் புத்தி.

"அத்தை, ஜன்னல் கீழ ஒரு இடம் விட்டுப்போச்சு."

"எங்க?"

"உங்களுக்கு அங்கருந்து தெரியாது. இங்கருந்து பார்த்தா மொட்டையா தெரியுது. உள்ளங்கை அகலம்."

"விடு, ஒரு உள்ளங்கைதானே?" என்றாள் விசில்.

"விட்டா வருஷம் பூரா அதுதான் கண்ணுல குத்தும். அம்மா, நீ எட்டிப் பூசு. அத்தை, நீங்க அம்மா காலைப் பிடிச்சுக்கோங்க. கெட்டியா!"

நான் கட்டிலில் குப்புறப் படுத்து, விளிம்புக்கு வெளியே தலைகீழாகத் தொங்கினேன். விசில் என் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மகள் வாசலிலிருந்து வழி சொன்னாள்.

"இடது பக்கம். இன்னும். உன் இடதும்மா, என் இடது இல்ல. அங்கதான். ரேகையோட இழு. திருப்பிப் பூசாதே, தடம் விழும்."

"கால் கூசுதுடி, விடு!"

"விட்டா விழுவீங்க" என்று விசில் இன்னும் இறுக்கினாள்.

பூசிவிட்டு நான் நிமிர்ந்தபோது மகள் புறங்கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிற்று. சிரிப்புதான். அது அடங்கியதும் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கீறல் எப்படி வந்துச்சும்மா?"

குனிந்து பார்த்தபோதே அவளுக்கு அது தெரிந்துவிட்டிருந்தது. நான் மறைக்கவில்லை. "கட்டிலை இழுத்தேன். ஆணி கிழிச்சிடுச்சு."

"தனியாவா? எதுக்கு?"

விசிலும் என் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடி காலை வெயில் உங்கப்பா பக்கம் விழும்" என்றேன். "அவர்தான் முதல்ல முழிப்பார். முழிச்சு என்னை எழுப்புவார். எழுப்பறதுன்னா கூப்பிட மாட்டார், மூக்கைப் பிடிப்பார். அவர் போனப்புறம் வெயில் நேரா வந்து வெறும் தலகாணி மேல விழுந்துச்சு. நான் பக்கத்துல நிழல்ல படுத்துக்கிட்டு தினம் அதைப் பார்த்துட்டே கிடந்தேன். எழுந்திரிக்கத் தோணல. அதான், வெயில் என் மேல விழற மாதிரி இழுத்துப் போட்டேன்."

"அப்பா பக்கம் நகர்ந்து படுத்திருக்கலாமே?"

"அது அவர் இடம்டி."

விசில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள்.

"இழுத்ததுக்கு அப்புறம் எழுந்திரிச்சியா?"

"மறுநாளே எழுந்திரிச்சேன். வெயில் கண்ணைக் குத்துச்சு. இல்லாட்டி கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிட்டு வந்து இவகிட்ட இத்தனை பேச்சு கேக்க என்னால முடியுமா?"

"நான் என்ன பேசினேன்?" என்றாள் விசில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மகள் கலைந்த தலையைக் கோதி முடிந்துகொண்டாள். பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னாள். "எங்க வீட்டு ரூம் மேற்குப் பார்த்தது."

"தெரியும்."

"சாயந்திர வெயில் காட்டமா வரும்னுதான் திரையைக் கனமா தச்சேன்."

"நல்ல திரை" என்றேன். உண்மையாகவே நல்ல திரை.

வார்னிஷ் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அவ்வப்போது வாசல் ஓரத்தில் விரலை வைத்துப் பார்ப்பாள். "ஒட்டுது" என்பாள். இடையில் சமையலறையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்து எங்கள் பக்கம் வீசினாள். விசில் ஒரு கையால் பிடித்தாள், ஓடுகிற வண்டியில் சில்லறை பிடித்த கை. தன் அண்ணனின் கதைகள் சிலவற்றைச் சொன்னாள். மகளுக்கும் தெரியாத கதைகள், எனக்கும் தெரியாதவை. அவற்றில் பாதி பொய்யாக இருக்கும்.

ஒரு வழியாக விரல் ஒட்டவில்லை. மகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தாள். எங்களிடம் வரவில்லை. நேராகக் கீறல் இருந்த இடத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். நகத்தை வைத்து இழுத்தாள். மாட்டவில்லை. இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

"நிறம் கொஞ்சம் தெரியுது" என்றாள்.

"தேறுமா, தேறாதா? அதைச் சொல்லு" என்றாள் விசில்.

மகள் வார்னிஷ் டப்பாவை எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இதுல ரெண்டு கோட்டிங் அடிக்கணும்னு போட்டிருக்கு."

"ஆமா, பார்த்தேன்."

"ஒரே கோட்டிங்கோட விட்டா உரிஞ்சு வந்துடும். எனக்கு அடுத்த சனிக்கிழமை லீவு. அன்னிக்கு நான் வந்து அடிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தூரிகையைத் தொடவே கூடாது. அதுவரைக்கும் இந்த அறைக்குள்ள செருப்பு வரக் கூடாது, தண்ணி சிந்தக் கூடாது, கட்டிலை இம்மிகூட நகர்த்தக் கூடாது. போன் எப்பவும் கையில இருக்கணும்."

"இதையெல்லாம் யாருக்குடி சொல்றே?"

"வேற யாருக்கு? இங்க உன்னைத் தவிர யாரு இருக்கப் போறா?"

சொல்லிவிட்டு டப்பாவின் மூடியை அழுத்தி மூடுவதில் மும்முரமானாள். என் பக்கம் திரும்பவில்லை. விசில் என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"சனிக்கிழமை எனக்குத் தோதுப்படாது" என்றேன். "ஞாயித்துக்கிழமை வா."